வெளிறிய படம்

செண்பகமும் தங்கை கோமதியும் ஒரே நாளில் மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பா, கை கால்கள் தானாக ஆடும் பரம்பரை நோயில் பத்து வருடம் கிடந்து இறந்தவர். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இந்த நோயில் குறைந்துகொண்டே போகும் என்று சொன்ன டாக்டர், இருவரும் கேட்டுக்கொண்டபடி இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தார். கோமதியின் படத்தில் நடுவே அந்த இடங்களைக் காட்டும் சிவப்பு நிறைந்திருந்தது. செண்பகத்தின் படத்தில் அது வெளிறிப்போயிருந்தது.

கோமதிதான் அழுதாள். “எனக்கு வந்திருக்கலாமேக்கா.”

அப்படிச் சொல்ல அவளால் முடிகிறதே என்று செண்பகத்துக்கு வயிறு எரிந்தது.

கேன்டீனில் கோமதியின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. செண்பகத்தின் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. கோமதி அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“கை வழுக்கிருச்சுக்கா. வேற ஒண்ணுமில்ல.”

செண்பகம் எழுந்து போய், விளிம்பு வரை நிரப்பிய இன்னொரு டீ வாங்கி வந்தாள்.

“ஒத்தக் கையில பிடி.”

கோமதி பிடித்தாள். டீ தளும்பவே இல்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் பிடி” என்றாள் செண்பகம்.