கம்பியை விட்ட ஃபாதர்

எங்கள் ஃபாதர் கைட் ஓடப் பழகுகிறாராம், பெரிய பட்டம் இழுக்க இழுக்கத் தண்ணீரில் ஓடுகிற விளையாட்டு. செய்தி காதில் விழுந்ததுதான் தாமதம், சைக்கிளைக் களப்புக் கரைக்கு விட்டேன்.

கோயில் சனத்தில் பாதி அங்கே நின்றது. செருப்பு நனையாத தூரத்தில் நின்று பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார் கோயில் மூப்பர் இன்னாசித்தம்பி. அவர் குரல் எனக்கு அத்துபடி. மூக்கில் தொடங்கி இருமலில் முடியும்.

"பூசை வைக்கிற கையால வெள்ளைக்காரன்ட பட்டம் விடுறார். க்ஹும். வள்ளம் மந்திரிக்க வரச் சொன்னா மணல்ல நிண்டு தீர்த்தம் தெளிச்ச மனுசன்."

பொய்யில்லை. ஃபாதர் எமிலியானுக்கு ஊர் எலுவன்குளம், காட்டோரம். கடலைக் கண்டாலே முகம் வெளிறிவிடும். அப்படியானவருக்கு ஏன் இந்த வேலை என்று எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். சொல்ல ஏலாது என்று சிரித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாராம்.

காற்று ஒரு எத்து எத்தியது. கைட் எகிற, அதன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஃபாதர் நெஞ்சு தண்ணீரில் அடிபட இழுபட்டார். நேரே இறங்குதுறைக் கல்லுக்கு.

"கம்பிய வுடுங்க ஃபாதர், வுட்டா அது வுழுந்திரும்" என்று பழக்குகிற ஃபாஹிம் நானா பின்னால் ஓடினார்.

பிடிக்கப் பிடிக்க இழுக்கும், விட்டால் அடங்கும். கைட் அப்படித்தான். ஃபாதரோ இன்னும் இறுக்கினார். யார் கத்துவதும் அவர் காதில் ஏறவில்லை.

நான் கையைக் குவித்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலை எடுத்தேன். ஃபாதருடைய பிரசங்கக் குரலை. ஒவ்வொரு சொல்லுக்கும் வால் நீளும்.

"பிரியமானவர்களே... இறுக்கிப் பொத்தின கையில ஆண்டவர் எதை வைப்பார்... விட்டிடுங்க..."

ஃபாதர் திடுக்கிட்டார். விட்டார்.

கைட் சுருண்டு தண்ணீரில் விழுந்தது. கல்லுக்கு ஒரு முழம் முன்னால், இடுப்பளவு தண்ணீரில் எழும்பி நின்று, சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"விட்டிட்டன்! இவ்வளவு லேசா இருக்கும் எண்டு தெரியாமலே ஆண்டவரிட்ட ஒப்புக்கொடுங்க, ஒப்புக்கொடுங்க எண்டு உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறன்."

கரையே சிரித்தது. மூப்பர் என்ன சொல்லப்போகிறாரோ என்று திரும்பினேன்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஒரு கால், மற்றக் கால். முழங்கால் நனைந்ததும் நின்று அழத் தொடங்கினார். பிறகு அழுதபடியே சிரித்தார்.

"தம்பியைக் கடல் கொண்டுபோன நாள் தொட்டு ஆண்டவரோட எனக்குக் கோவம். தண்ணியில கால் வைச்சதில்லை. கோவத்தை அவரிட்ட ஒப்புக்கொடுங்க எண்டார் ஃபாதர். கடலுக்குப் பயந்த நீங்க முதல்ல இறங்கிக் காட்டுங்க, பிறகு பாப்பம் எண்டன். மனுசன் இறங்கிட்டாரே."

குரலில் மூக்கும் இல்லை, இருமலும் இல்லை.

"அப்ப ஏன் மூப்பர் இவ்வளவு நேரமும் அவரைப் போட்டுக் கிழிச்சீங்க?" என்று கேட்டேன்.

மூப்பர் ஃபாதரைப் பார்த்துத் தலை குனிந்தார்.

"வாய் திறக்க மாட்டாரெண்ட துணிவுதான். நான் அதைச் சொன்னது பாவசங்கீர்த்தனத்தில. பாவமன்னிப்புக்குச் சொன்னதை அவரால ஒருத்தருக்கும் சொல்ல ஏலாதே."