பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

"ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் காயலான் கடைதான்னு பொண்ணு சொல்லிட்டா. நன்னாப் பாரும்மா!"

கொல்கத்தா சால்ட் லேக்கின் அந்தப் பழைய ஃப்ளாட்டில், வெங்கடநாராயணன் நாற்காலி நுனியில் தவித்துக்கொண்டிருந்தார். பதினாறு வருஷத்துக் கம்ப்யூட்டர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் சாப்பாடு, தூக்கம் போக மிச்சப் பொழுதெல்லாம் அதன் முன்னால்தான். அதன் மெமரியைச் சோதிக்கத்தான் நியூ டவுனிலிருக்கும் மகள் நந்திதா, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மஹிமாவை அனுப்பியிருந்தாள்.

இரண்டு மணி நேரச் சோதனை முடிந்தது. திரையைப் பார்த்த மஹிமா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"பாபா ரே! ஸீரோ எர்ரர், மாமா!"

நம்பிக்கை வராமல் பெட்டியைத் திறந்து, இரண்டு மெமரி பட்டைகளையும் கழற்றினாள். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் மூன்று வருஷத்திலேயே இவற்றின் தங்க முனைகள் கறுத்துப்போகும். இங்கே ஒரு பொட்டுத் தூசி இல்லை. முனைகள் புதுசு போல் பளபளத்தன. பன்னிரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஓர் அதிசயத்தை அவள் கண்டதில்லை.

"யாரு சர்வீஸ் பண்றாங்க மாமா?"

"ஈ காக்கா தொட்டதில்லை. நவராத்திரியில சரஸ்வதி பூஜை அன்னிக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, இதையும் பூஜையில வெச்சதா பாவிச்சு, மறுநாள் வரைக்கும் இந்த ரூம் பக்கமே வர மாட்டேன். தொடப்படாதோல்லியோ! மத்ததை அம்பாள் பார்த்துக்கறா."

துர்கா பூஜைப் பந்தலில்கூடக் கூட்டத்தை மட்டும் வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறவள் மஹிமா. இப்போது அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

வெற்றிச் செய்தியை மகளுக்குச் சொல்ல, போனும் கையுமாகப் பால்கனிக்கு ஓடினார் அவர்.

மூலையில் சுடோகு போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அனந்தலக்ஷ்மி எழுந்து வந்தாள். பால்கனியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் மனுஷர் இதை விட்டு நகர்றார். இந்த ரெண்டாவது பட்டை மட்டும் கழட்டறச்சே ரொம்பப் படுத்தறதும்மா, எந்தக் கிளிப்பை முதல்ல அமுக்கணும்? அப்புறம், முனையைத் தேய்க்க என் சுடோகு ரப்பரே போறுமா?"