பெங்களூர் வயர்

"வயருல என்னங்க இருக்குது? கரண்ட் போய்ச் சேந்தா பத்தாதா?" என்றாள் மாதேஸ்வரி.

அவள் புருஷன் ராஜசேகர் பெங்களூரிலிருந்து கூரியரில் வந்த வெல்வெட் பெட்டியைத் திறந்து, கட்டைவிரல் தடிமனில் இருந்த ஸ்பீக்கர் வயரைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல வெளியே எடுத்தான். இந்த வருஷத்தில் இது மூன்றாவது வயர்.

சூளகிரியில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஹால் சின்னது. அதில் பாதியை ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டும் ஆம்ப்ளிஃபயரும் பிடித்துக்கொண்டிருந்தன. மாதேஸ்வரியின் தையல் மெஷின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்தத் தெருப் பெண்களின் ஜாக்கெட்டெல்லாம் தாளித்த வாசனையோடுதான் வீடு போய்ச் சேர்ந்தன.

ராஜசேகருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். கொஞ்ச நாளாக அதிலும் ஒரு குறை வந்துவிட்டது. ஜால்ரா முன்பு போல் கணீரென்று கேட்கவில்லையாம். முதலில் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டான். அப்புறம் சுவரில் இருந்த பிளக்கை. கடைசியில் பழி வயர் மேல் விழுந்தது.

செட்டை எடுத்துவிட்டால் ஹாலில் மெஷினைப் போட்டு நாலு துணி கூடத் தைக்கலாம் என்று மாதேஸ்வரி ஆரம்பித்தாள். அவன் எந்த வயர் எப்படிப் பாடும் என்று ஆரம்பித்தான். பேச்சு வளர்ந்து சண்டையாகிவிட்டது.

"இத்தனை கியர்பாக்ஸ் ஓடுது, எது நல்லது எது கெட்டதுன்னு சத்தத்தை வெச்சே பிரிச்சு அனுப்புற காது இது. எனக்கா வயர் வித்தியாசம் தெரியாது?"

அவன் வேலையே அதுதான். கம்பெனியில் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கியர்பாக்ஸையும் ஓடவிட்டு, காதால் கேட்டு பாஸ் போடுவது. அந்த ரோஷத்தில் பந்தயமும் அவனே கட்டினான். பழைய வயரையும் புது வயரையும் யாராவது மாற்றி மாற்றிப் போடட்டும். பார்க்காமலே எது எது என்று சொல்கிறேன். தோற்றால் செட்டையே விற்றுவிடுகிறேன். ஜெயித்தால் நீ இனிமேல் வயரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

நடுவராக ஆனந்தைக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அதே கம்பெனியில் ராஜசேகருக்கு அடுத்த மேஜை, அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீக்கர்களுக்கு முன்னால் கொடி கட்டி ஒரு பெட்ஷீட்டைத் தொங்கவிட்டான் ஆனந்த். அதற்குப் பின்னால் அவன் செய்வது யாருக்கும் தெரியாது. ராஜசேகர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்தான். மாதேஸ்வரி சமையலறை வாசலில் நின்று, அவன் தோற்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

முதல் தடவை நாதஸ்வரமும் ஜால்ராவும் ஜோராக வந்தன. ஆனந்த் பாட்டை நிறுத்தி ஏதோ செய்துவிட்டு அதையே மறுபடி போட்டான். மாதேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜால்ராவைக் காணோம். நாதஸ்வரம்கூடப் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இன்னொரு தடவை மாற்றினான், ஜால்ரா திரும்பி வந்தது. கடவுளே, குக்கர் விசிலை எண்ணி மட்டுமே பழகிய தன் காதுக்கே இவ்வளவு தெரிகிறதே என்று அவள் அசந்து போனாள். பாவம், இத்தனை நாள் அந்த மனுஷனை என்ன பேச்சு பேசிவிட்டோம்.

"எது புது வயருண்ணே?" என்று கேட்டான் ஆனந்த்.

ராஜசேகர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னான். முன்னால் சாய்ந்து கேட்டான். அப்புறம் மெதுவாகச் சிரித்தான்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது தம்பி. நான் தோத்துட்டேன். ஏம்புள்ள, நாளைக்கே மெஷினைக் கொண்டாந்து இங்க போட்டுக்க."

எழுந்து போய் வயரைச் சுருட்டி வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினான். ஜெயித்தவளுக்கோ, இருபது வருஷக் குடித்தனத்தில் ஒரு முழம் பூவைக்கூட ஞாபகமாக வாங்கி வராத மனுஷன், தனக்காக இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஆனந்த் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினான். மாதேஸ்வரி பின்னாலேயே போய் அவனை வாசல் கேட் பக்கத்தில் நிறுத்தினாள். செட்டை விற்க வேண்டாம், மெஷின் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கட்டும், நீயே சொல்லி அவரைத் தடுத்துவிடு என்று கெஞ்சினாள்.

"அவரு வேணும்னே தோத்துட்டாரு தம்பி. எனக்கே வித்தியாசம் அப்படித் தெரிஞ்சுது. அவருக்குத் தெரியாம இருக்குமா? எனக்காக விட்டுக் குடுத்துட்டாரு."

ஆனந்த் பைக்கில் செருகிய சாவியை மறுபடி உருவினான்.

"நான் வயரை மாத்தவே இல்ல மதினி, பெரிய ஸ்பீக்கருக்குள்ள ஜால்ரா சத்தம் வார சின்ன ஸ்பீக்கரத்தான் ஒரு தடவை கழட்டி, ஒரு தடவை மாட்டினேன். அண்ணன் பாஸ் போட்ட கியர்பாக்ஸெல்லாம் சத்தம் வருதுன்னு ஒரு மாசமா திரும்பி வருது, காரணம் கம்பெனிக்குத் தெரியறதுக்கு முன்னால அவரைக் காது டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருங்க."