காணாமல் போன சாப்ட்வேர்

"ஏலே, நேத்து நீ போட்டுட்டுப் போன பில் சாப்ட்வேரை இன்னைக்கும் காணோம்! கம்ப்யூட்டரு தின்னுருச்சோ?"

விஸ்வநத்தம் வெடிக் கம்பெனி முதலாளி அய்யாதுரை கத்தியது தெருவுக்கே கேட்டது. கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்த மகேஷ்குமார் குழம்பிப்போய் லினக்ஸ் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையைத் துழாவினான்.

"தானாப் போகல அண்ணாச்சி. யாரோ 'ஆப்ட் ரிமூவ்'னு கமாண்ட் அடிச்சு நீக்கியிருக்காக."

"எங்க மேலயே பழியா? இன்னொரு தடவை போச்சுன்னா உனக்கு இங்கன வேலை கெடையாது!"

மகேஷ் முகம் சுளிக்காமல் நாலாவது முறையாக 'ஆப்ட் இன்ஸ்டால்' அடித்து சாப்ட்வேரைத் திரும்ப ஏற்றினான்.

அய்யாதுரை சட்டென்று சிரித்தார். உள்ளறையிலிருந்த மகளைக் கூப்பிட்டார்.

"பிரீத்தி, போதும்மா, இனி அழிக்காத. எம்புட்டுச் சீண்டியும் பையனுக்குக் கோபமே வரல. வெடி யாவாரத்துக்கு இப்படிப் பத்திக்காத மருமகன்தான் வேணும்."

மகேஷ் இன்னும் முழித்துக்கொண்டிருந்தான்.

தை மாதம் கல்யாணம் முடிந்து மகேஷும் பிரீத்தியும் விருதுநகரில் குடியேறினார்கள். பிரீத்தியின் கோபத்தைத்தான் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, பாவம் மகேஷ்!