எல்லாரும் உள்ளே

நகராட்சிப் பொறியாளர் புயலுக்காக இரண்டு இடங்களை ஒதுக்கியிருந்தாள். மேட்டுத் தெருவுக்குப் பள்ளிக்கூடக் கூடம், கடற்கரைத் தெருவுக்குக் கல்யாண மண்டபம். நண்பகலில் மண்டபத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. கடற்கரைத் தெருவே பிள்ளைகுட்டிகளோடு நனைந்தபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தது.

கூடத்தில் ஏற்கெனவே கால் வைக்க இடமில்லை.

"இத்தனை பேரையும் எங்கம்மா அடைக்கிறது? மூச்சு முட்டிடும்," என்றார் வாட்ச்மேன்.

"வெளிய விட்டா செத்துடுவாங்க அண்ணே. கதவைத் திறங்க. உள்ள இருக்கிறவங்க கொஞ்சம் நகருங்க!" என்றாள் வாசலில் நின்ற பொறியாளர்.

நகர்ந்தார்கள். வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கதவைச் சாத்தியபோது வெளியே ஒருவரும் இல்லை. உள்ளே குழந்தைகள் கை காலை நீட்டிப் படுத்திருந்தன. அதைப் பற்றி யோசிக்க அப்போது யாருக்கும் நேரமில்லை.

புயல் கடந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. வெயில் அடித்ததும் ஒரே விசிலும் கைத்தட்டலும். இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து பொறியாளரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

"உள்ள இருந்த மாதிரியே உட்காருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றார் பத்திரிகைக்காரர்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். நெருக்கி உட்கார்ந்தார்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் நகருங்க!" என்றாள் பொறியாளர்.

நகர இடமில்லை. கூடம் நிறைந்துவிட்டது. கடற்கரைத் தெரு முழுவதும் இன்னும் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தது.