அமுக்கு, தள்ளு, இழு

"ஒத்துக்கிட்டீங்கன்னா இதோட விட்டுடறேன். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள் மனைவி, மிகவும் தணிந்த குரலில்.

லிஃப்ட் மெக்கானிக் சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றான். "நான் தொடவே இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு விடைக்கும். இப்ப விடைக்குது."

அவள் தடயத்தை எடுத்து நீட்டினாள். முந்தாநாள் வாங்கிய கிரீம் பிஸ்கட் டப்பா. உள்ளே தூள்தான் மிச்சம்.

சர்க்கரை லேசாக எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே, இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று அவன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்குதான் இப்போது அந்தரத்தில் தொங்கியது.

சிக்கல் என்னவென்றால், டப்பா இருந்த அலமாரிக்குத் தாழ் செய்து மாட்டியவனே அவன்தான். வீட்டின் கடைக்குட்டியான தம்பிப் பாப்பா தவழ ஆரம்பித்து, அகப்பட்டதையெல்லாம் வாயில் போடத் தொடங்கிய வாரத்தில், அடுப்பு மேடைக்குக் கீழே இருந்த அந்த அலமாரிக்கு இந்தப் பாதுகாப்பு வந்தது.

தாழ் வேலை செய்யும் விதம் எளிது, ஆனால் ரசிக்க வேண்டியது. கதவைக் கண்டால் யாருடைய கையும் முதலில் இழுக்கத்தான் பார்க்கும். இந்தத் தாழோ இழுத்தால் இன்னும் இறுகும். முதலில் கைப்பிடியைக் கீழ்நோக்கி அமுக்க வேண்டும். ஸ்பிரிங் முரடு என்பதால் உடம்பின் பாரத்தையே அதன்மேல் போட வேண்டும். அந்தப் பிடியை விடாமல் கதவை உள்பக்கம் தள்ளினால் கொக்கி விலகும். பிறகு இழுத்தால் கதவு சாதுவாகத் திறந்துகொள்ளும்.

மனைவி பேருந்து ஓட்டுநர். "அம்பது பேர் ஏறுற பஸ்ஸுக்கே ஒரு பட்டனைத் தட்டினா கதவு திறக்குது. ஒரு அலமாரிக்கு இத்தனை வித்தை காட்டணுமா?" என்று முதல் நாளே கையைக் கழுவிவிட்டாள். அன்றிலிருந்து எது வேண்டுமென்றாலும் அவன்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றாள் இப்போது. "தாழ் நல்ல தாழ்னா திருடன் நீங்க. திருடன் நீங்க இல்லைன்னா தாழ் ஓட்டைத் தாழ். உங்களுக்கு எது வசதி?"

அவனுக்குக் கண்ணைக் கட்டியது. வாக்குத் தவறியவன் என்ற பெயரை வாங்குவதா, தொழில் தெரியாதவன் என்ற பெயரை வாங்குவதா?

"வாலு எடுத்திருப்பா" என்றான் கடைசியில், நான்கு வயது மகளைக் காட்டிக்கொடுத்து.

வாலு அழைத்துவரப்பட்டாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். காலைக் கதவில் முட்டுக்கொடுத்து, முகம் சிவக்க இழுத்தாள். கதவு இம்மியும் அசையவில்லை. "எனக்கு வராதுப்பா" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட பொம்மைக்கு ஊசி போடப் போய்விட்டாள்.

மெக்கானிக்கின் முகத்தில் பெருமை பூத்தது. அந்தப் பெருமை தனக்கே எதிரான சாட்சி என்று பிறகுதான் உறைத்தது.

"சரி, நான் திறந்து தரேன், புது டப்பாவை உள்ள வை. சாயங்காலம் வரைக்கும் நான் உன் கண்ணு முன்னாடியே உக்காந்திருக்கேன்."

அப்படியே உட்கார்ந்தான். சும்மா இருப்பானேன் என்று இருவரும் வழக்கமான வேலையில் இறங்கினார்கள்: தம்பியை எழுந்து நிற்க வைக்கும் வேலை. தம்பிக்கு ஒரு வயது நெருங்குகிறது. தவழ்வதில் புலி, நிற்பதில் மட்டும் நாட்டமில்லை. அவனுக்கு இளையதான எதிர்வீட்டுக் குழந்தையோ நடந்தே வந்து இவர்கள் வீட்டுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது.

அம்மா சோபாவின் மேல் சாவிக்கொத்தை ஆட்டினாள். அப்பா கைப்பேசியில் படம் பிடிக்கத் தயாராகக் குப்புறப் படுத்தான். தம்பி சாவியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கொட்டாவி விட்டான்.

"அப்படியே உங்களை மாதிரி. எதுக்கும் அவசரம் கிடையாது."

"நிக்கறது என்ன லேசுப்பட்ட வேலையா?" மெக்கானிக்குக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டான். "எதையாவது பிடிச்சு மொத்த பாரத்தையும் அதுமேல போடணும். அப்புறம் முன்னால சாயணும். பழகாத பிள்ளைன்னா உடனே பின்னால விழும். அப்படி விழுந்து விழுந்துதான் வரும்."

பாடம் பிடிக்காத தம்பி அக்காவைத் தேடித் தவழ்ந்து போனான். சற்று நேரத்தில் சமையலறையில் 'தொப்' என்று ஒரு சத்தம்.

மனைவி ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் சமத்தாத்தான் உக்காந்திருக்காங்க."

சாயங்காலம் மெக்கானிக் தாழை அமுக்கி, தள்ளி, இழுத்து, டப்பாவை வெளியே எடுத்தான். பாதி காலி.

"நீங்க என்னை விட்டு நகரவே இல்லையே" என்றாள் மனைவி, குரல் இறங்கி. "பாவம், உங்களைப் போய்..."

அந்த மன்னிப்பு அவன் காதில் ஏறவில்லை. ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்து தாழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிங் சரியாக இருந்தது. கொக்கியும் சரியாக இருந்தது. "இதை ஒரு குழந்தை திறக்கவே முடியாது" என்றான், அழாத குறையாக.

வாசற்படியில் வாலு நின்றாள். மேலுதட்டில் வெள்ளையாய்க் கிரீம் மீசை.

"வாலு, அப்பா திட்டமாட்டேன். இந்தக் கதவை எப்படிம்மா திறந்தே?"

வாலு மீசையை நக்கிக்கொண்டு சொன்னாள். "நான் எங்கப்பா திறந்தேன்? தம்பிதான் தினமும் எழுந்து நின்னு திறந்து குடுப்பான். நீங்க வந்தா உக்காந்துக்குவான்."