சீட்டு எழுதினவரே வரட்டும்

“தப்பை ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும்மா. வழக்காடித் தோத்தா, இந்த வேகத்துக்கு லைசென்ஸே போயிடும். அப்புறம் எதை ஓட்டிப் பிழைப்பீங்க?” என்றார் நீதிபதி.

சலவைக்கடை வேன் ஓட்டும் அந்த அம்மாள் கூண்டுக் கம்பியை விடவில்லை. “அபராதச் சீட்டு எழுதினவரே வந்து சொல்லட்டும் ஐயா.”

நீதிபதிக்கு அங்கேதான் உறுத்தியது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். மற்றத் தெருக்களில் எறும்பு ஊர்வதுபோலத்தான் போவாளாம். சீட்டு எழுதிய அந்த ஒரு காவலர் நிற்கிற பாலத்தடியில் மட்டும் வேனுக்கு இறக்கை முளைத்துவிடும். இது மூன்றாவது முறை. முன் இரண்டு தடவையும் காவலர் கோர்ட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு தள்ளுபடியானது. வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவளோ இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவள்போல நடந்து போனாள். ஜெயித்தவள் முகமா அது?

ஏதோ மாமூல் தகராறு, நெருப்பில்லாமல் புகையாது என்பது கோர்ட் குமாஸ்தாவின் கணிப்பு.

இந்த முறை நீதிபதி கண்டிப்பாகச் சம்மன் அனுப்பியிருந்தார். காவலர் வந்தார். சின்ன வயசு. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். வேகத்தைச் சொன்னார், இடத்தைச் சொன்னார். எல்லாம் சுவரைப் பார்த்து. அந்த அம்மாள் பக்கம் கண் திரும்பவேயில்லை.

நீதிபதி பேனாவை மூடினார். “மறைக்காமச் சொல்லுங்கம்மா. இவர் உங்ககிட்டக் காசு கேட்டாரா?”

“அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும் ஐயா. அவர் கை சுத்தம்.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இதுவரை காவலர் மேலிருந்த சந்தேகம் மெல்ல இவள் பக்கம் திரும்பியது.

“வேணும்னே இவர் முன்னாடி வேகமாப் போறீங்களா?”

“ஆமாங்க.”

குமாஸ்தா தட்டச்சை நிறுத்தினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவலரின் காது மடல் சிவந்துபோனது.

“அப்போ தப்பை நீங்களே ஒத்துக்கிறீங்க. வேணும்னே செஞ்சதுக்கு வெறும் அபராதம் போதாது, லைசென்ஸ் போயிடும்.”

“போகட்டுங்க. சாட்சியை நானும் கேள்வி கேட்கலாம்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.”

நீதிபதி தலையசைத்தார்.

அவள் காவலரை நேராகப் பார்த்தாள். “பொய் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கே. வீட்டுக்குத்தான் வர மாட்டேன்னுட்டே. ரோட்டுல வண்டியை நிறுத்தியும், முகத்தைப் பார்க்காமலே சீட்டைக் கிழிச்சுக் கொடுத்தே. இப்பச் சொல்லு… நிஜமாவே உனக்கு அம்மா வேணாமாடா?”